எல்லை கடவா நூல்கள்: மின்னூல் விற்பனையும் வாசகர் உரிமையும்

இலண்டனிலுள்ள நூல்விற்பனை நிலையமொன்றுக்கு எழுதி அச்சுநூலொன்றைத் தருவித்துக் கொள்ளுதல் இலங்கை வாசகர் எவர்க்கும் இயலக்கூடியதே. விலையும் தபாற்செலவும் செலுத்தப்படின் சில வாரங்களில் நூல் வந்து சேரும். சுங்கத்தார் விரும்பின் பொதியைப் பிரித்துப் பார்ப்பர், அவ்வளவே. ஆயின் அதே நூலின் மின்வடிவை அதே நிலையத்தின் இணையத்தளத்தில் வாங்க முயல்பவர், 'இந்நூல் உமது நாட்டில் விற்பனைக்கில்லை' என்னும் பொருள்பட்ட ஒற்றை வரியுடன் பல வேளைகளில் திருப்பி அனுப்பப்படுகின்றார். நிறையுள்ள பொருள் கடல் கடந்து வருகின்றது. நிறையேதுமற்ற பொருள் கரையிலேயே நிறுத்தப்படுகின்றது. கணினி வலையமைப்பால் உலகம் ஒரு கிராமமாகிவிடும் என்று முன்னர்க் கூறியோர், அக்கிராமத்தில் வேலிகளும் இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லைப் போலும்.

இதனைப் பொழுதுபோக்கு வாசகரின் சிறு முணுமுணுப்பென ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் இங்கு எழும் வினா எளியதன்று. அரசு எதுவும் நூலைத் தடைசெய்யவில்லை. ஆசிரியர் தம் நூல் வாசிக்கப்படுவதை வெறுக்கவில்லை; வாசகரும் விலை கொடுக்க மறுக்கவில்லை. நூலை அனுப்பும் செலவோ கணக்கிலெடுக்கத்தக்கதன்று. கொடுப்பவரும் கொள்பவரும் இணங்கி நிற்கையில் கொடுக்கல் வாங்கல் நிகழாது போகின்றது. இந்நிலையில் வாசகர்க்கு அநீதி ஏதும் இழைக்கப்படுகின்றதா? ஆமெனின் அதனை இழைப்பவர் யாவர்? பதிப்பாளரின் பேராசை என்று விடையிறுத்தல் வழக்கம். அவ்விடை முற்றிலும் பொய்யன்றாயினும், விடயத்தின் பாதியைத்தானும் அது தொடுவதில்லை.

நூலாசிரியர் தம் நூலை வெளியிடும் உரிமையை ஒரே பொருளாக விற்பதில்லை என்பது முதலில் மனங்கொள்ளத்தக்கது. மொழிவாரியாகவும் நிலப்பகுதிவாரியாகவும் அது கூறுபோடப்படுகின்றது. ஆங்கில நூலொன்றாயின் வட அமெரிக்க உரிமை ஒரு பதிப்பகத்துக்கும், பிரித்தானிய - பொதுநலவாய உரிமை பிறிதொன்றுக்கும் செல்லும். சில நாடுகள் இருவர்க்கும் பொதுவான திறந்த சந்தையாக விடப்படும். வேறு சில நாடுகளுக்குரிய மின்னூல் உரிமையை எவரும் கேட்டு வாங்காமையால் அது ஆசிரியரிடமே கிடக்கும். அச்சுநூல் வணிகத்திலும் இக்கூறுபாடு இருந்ததே. எனினும் அங்கு விற்பனை நிகழும் இடம் கடை இருக்கும் இடம் என்றே கொள்ளப்பட்டது. கொழும்பிலிருந்து எழுதுபவர் இலண்டனில் வாங்குபவராகவே கருதப்பட்டார். மின்னூலிலோ வாங்குபவர் இருக்கும் இடமே விற்பனை நிகழும் இடமாகக் கொள்ளப்படுகின்றது. எனவே அவ்விடத்துக்குரிய உரிமையைப் பெற்றிராத கடை அவருக்கு விற்றல் ஒப்பந்த மீறலாகின்றது. கணினியின் இணைய முகவரியும் வங்கி அட்டை வழங்கப்பட்ட நாடும் அவரது இருப்பிடத்தைக் காட்டிக் கொடுக்கின்றன. விற்பனை எங்கே நிகழ்கின்றது என்பது பற்றிய ஒரு சட்டப் புனைவு மாறிற்று. அதனோடு வாசகரின் நிலையும் மாறிற்று.

இக்கூறுபாட்டின் வரலாறு இலங்கையர்க்கு அந்நியமானதன்று. 1947ஆம் ஆண்டிலே பிரித்தானியப் பதிப்பாளர் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்து கொண்டனர். அமெரிக்க நூலொன்றின் உரிமையை வாங்கும் பிரித்தானியப் பதிப்பகம், பேரரசுக்கு உட்பட்டிருந்த ஏறத்தாழ 70 நாடுகளைக் கொண்ட 'மரபுவழிச் சந்தை' முழுவதற்குமான தனியுரிமையுடனேயே அதனை வாங்க வேண்டும் என்பது அதன் சாரம். இலங்கை சுதந்திரமடைவதற்கு ஓராண்டு முன்னர் வரையப்பட்ட இவ்வரைபடம், கொடி இறக்கப்பட்ட பின்னரும் ஏறத்தாழ முப்பதாண்டு நிலைத்து நின்றது. ஐக்கிய அமெரிக்காவின் நீதித் திணைக்களம் வணிகப் போட்டியைப் பாதுகாக்கும் சட்டங்களின் கீழ்த் தொடுத்த வழக்கே 1976இல் அதனை முடிவுக்குக் கொண்டு வந்தது. உடன்படிக்கை மறைந்தபோதும் பழக்கம் மறையவில்லை. இன்றைய ஒப்பந்தங்கள் பலவற்றின் பின்னிணைப்பிற் காணப்படும் நாட்டுப் பட்டியலை நோக்குவோர், பேரரசின் பழைய நிலப்படத்தை அதிற் கண்டு கொள்ளலாம். குடியேற்ற நாட்டுப் பொருளாதாரம் தேயிலையிலும் இறப்பரிலும் மாத்திரம் தன் சுவட்டை விட்டுச் செல்லவில்லை.

ஆயின் வேலி யாவும் தீயது என்று முடிவுகட்டுதலும் அவசரமேயாம். 1960கள் தொடக்கம் 1990கள் வரை இலங்கைப் பல்கலைக்கழகங்களிற் பயின்றோருள் ஈ.எல்.பி.எஸ். பதிப்புகளை அறியாதார் இலர். பிரித்தானிய அரசின் மானியத்துடன் வெளியிடப்பட்ட அம்மலிவுப் பதிப்புகள் மருத்துவம், பொறியியல், பொருளியல் முதலாய துறைகளிற் பயின்ற வறிய மாணவர் பல்லாயிரவர்க்குக் கைகொடுத்தன. அவை குறிப்பிட்ட நாடுகளில் மாத்திரமே விற்கப்படலாம் என்பது நிபந்தனை. அதாவது, அங்கு வேலி போடப்பட்டது இலங்கை மாணவனை வெளியே நிறுத்துதற்கன்று. குறைந்த விலையை அவனுக்கெனக் காத்தற்கே. அவ்வேலி இன்றேல் இலண்டன் மாணவனும் மலிவுப் பதிப்பையே வாங்கியிருப்பான். பதிப்பகம் மலிவுப் பதிப்பையே நிறுத்தியிருக்கும்.

ஆகவே நிலப்பகுதிக் கட்டுப்பாட்டை ஒரே பொருளாகக் கொண்டு நியாயம் பேசுதல் பொருந்தாது. விலையை வேறுபடுத்தும் வேலி வேறு. மறுக்கும் வேலி வேறு. முன்னையது வறியவனின் கொள்வலுவைக் கணக்கிலெடுக்கின்றது. பின்னையதோ எவர்க்கும் எதனையும் காத்துக் கொடுப்பதில்லை. இலங்கையில் விற்கப்படாத மின்னூலினால் இலண்டன் வாசகன் அடையும் பயன் யாது? ஆசிரியர் அடையும் பயன் யாது? உரிமை கேட்பாரற்றுக் கிடக்கும் நாட்டிலே பதிப்பாளரும் ஒரு சதந்தானும் பெறுவதில்லை. ஒருவர்க்கும் பயனின்றி ஒருவர்க்கு இழப்பை மாத்திரம் விளைக்கும் ஏற்பாட்டை நியாயப்படுத்துதல் எந்த அறக் கோட்பாட்டாலும் அரிது. பயன்பாட்டு வாதியும் அதனை ஏற்கான்; உரிமை வாதியும் தடுமாறுவான்.

உரிமை வாதியின் தரப்பில் மிகப் பலமாக வாதிட்டவர் ஜேர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ற் ஆவார். அனுமதியின்றி நூல்களை மறுபதிப்பிடுதலைக் கண்டித்து 1785இல் அவர் எழுதிய சிறு கட்டுரையில், நூலை இரு வகையாக நோக்குகின்றார். கையிலிருக்கும் படி ஒரு பொருள்; அதனை வாங்கியவர் அதன் உடைமையாளர். ஆனால் அதனுள் இருப்பது பொருளன்று. ஆசிரியர் பொதுமக்களை நோக்கி ஆற்றும் பேச்சு. பதிப்பாளர் ஆசிரியரின் பெயரால் அப்பேச்சை மக்களிடம் கொண்டு செல்பவர். அனுமதியற்ற மறுபதிப்பாளரோ அப்பணி ஒப்படைக்கப்படாமலே பிறரொருவர் பெயராற் பேசுகின்றார். ஆதலின் அது தவறு என்பது அவரது வாதம்.

பதிப்புரிமைக்கு ஆதரவாக இவ்வாதத்தை எடுத்தாள்வோர் அதன் மறுபுறத்தை அரிதாகவே குறிப்பிடுவர். நூல் பொதுமக்களை நோக்கிய பேச்சாயின், அப்பேச்சிலே மக்கட்கும் ஒரு பங்குண்டு. கையெழுத்துப் படியை ஒப்படைத்த பின் ஆசிரியர் இறந்துவிடின், பதிப்பாளர் அதனைத் தம் சொத்தெனக் கருதி மறைத்து வைத்தல் ஆகாது. உரித்தாளர் இல்லாவிடத்து, வெளியிடுமாறோ வெளியிட முன்வரும் பிறர்க்கு விட்டுக்கொடுக்குமாறோ அவரை வற்புறுத்த மக்களுக்கு உரிமையுண்டு எனக் கான்ற் அதே கட்டுரையிற் கூறுகின்றார். பதிப்பாளரின் தனியுரிமை பேசுதற்கான உரிமையேயன்றி வாளாவிருத்தற்கான உரிமையன்று என்பது இதனாற் பெறப்படும். ஒரு நாட்டுக்குரிய உரிமையை வாங்கி வைத்துக்கொண்டு அந்நாட்டிலே நூலை வெளியிடாதிருக்கும் பதிப்பாளர்க்கு இவ்வாதம் அரண் ஆகாது. அவர் மீதே திரும்பும்.

ஒப்பந்தத்தால் எழும் வேலியன்றி, உரிமைக்காலத்தால் எழும் வேலியும் ஒன்றுண்டு. அதன் தன்மையை விளக்கச் சிறந்த எடுத்துக்காட்டு கூட்டன்பேர்க் திட்டத்தின் அனுபவமாகும். 1971இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹார்ட் என்பவர் தொடக்கிய இத்திட்டம், உரிமைக்காலம் முடிந்த நூல்களை மின்வடிவில் எவர்க்கும் இலவசமாக வழங்குவது. அமெரிக்கச் சட்டத்திலே பழைய நூல்களின் உரிமைக்காலம் வெளியான ஆண்டிலிருந்து கணிக்கப்படும். ஜேர்மனியிலோ ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் கழிய வேண்டும். தோமஸ் மான், ஹைன்றிஷ் மான், அல்பிரெட் டொப்ளின் ஆகிய மூவரின் 18 நூல்கள் அப்போது அமெரிக்காவிற் பொதுவுடைமையாகியிருந்தன, ஜேர்மனியில் ஆகியிருக்கவில்லை. 2015 இறுதியில் எஸ். பிஷர் பதிப்பகம் வழக்குத் தொடுத்தது. 2018 பெப்ரவரியிற் பிராங்பேர்ட் நீதிமன்றம் பதிப்பகத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளிக்க, கூட்டன்பேர்க் திட்டத்தார் அம்மாத இறுதியில் ஜேர்மனி முழுவதற்கும் தம் தளத்தை மூடிவிட்டனர். பதினெட்டு நூல்களுக்காக 50,000க்கும் மேற்பட்ட நூல்கள் ஒரு நாட்டு மக்களுக்கு மூடப்பட்டன. 2021 ஒக்ரோபரில் இரு தரப்பாரும் உடன்பாட்டுக்கு வரும்வரை, மூன்றரை ஆண்டுகளுக்கு மேலாக அந்நிலை நீடித்தது. கேதேயையும் சில்லரையும் அவர்தம் மொழியிலே அத்தளத்தில் வாசிக்கக் கொழும்பிலிருந்து இயன்றது. அவ்விருவரும் வாழ்ந்த வைமர் நகரத்திலிருந்து இயலவில்லை.

இங்கு எவரைக் குறை கூறுவது? மேலும் ஒரு செய்தி இவ்வினாவைச் சிக்கலாக்குகின்றது. 1933இல் நாசிகள் எரித்த நூல்களுள் ஹைன்றிஷ் மானின் நூல்களும் டொப்ளினின் நூல்களும் அடங்கும். தோமஸ் மானின் குடியுரிமை 1936இற் பறிக்கப்பட்டது. ஒருகால் ஜேர்மன் அரசால் ஜேர்மன் வாசகரிடமிருந்து பறிக்கப்பட்ட எழுத்தாளர், ஜேர்மன் நீதிமன்றத் தீர்ப்பின் விளைவாக மீண்டும் மறைக்கப்பட்டனர் என்று எழுதத் தோன்றும். கவர்ச்சியான ஒப்புமை, ஆனால் நேர்மையற்றது. அவர்தம் நூல்கள் ஜேர்மன் கடைகளில் விலைக்குக் கிடைத்துக் கொண்டேயிருந்தன. பிஷர் பதிப்பகமும் நாசிகளால் அல்லலுற்றதே. அதன் தலைவர் 1936இல் நாட்டை விட்டு வெளியேறி, வியன்னாவிலும் பின்னர் ஸ்ரொக்ஹோமிலும் இருந்து அவ்வெழுத்தாளரின் நூல்களைப் பதிப்பித்தார். எவரும் அச்சிடத் துணியாத காலத்தில் அச்சிட்டவர், உரிமைக்காலம் முடியும்வரை அதன் பயனைக் கோருதல் இயல்பே. நூலகத்தை எரிப்பவனையும் வாசலிற் கட்டணம் கேட்பவனையும் ஒரே நிரையில் நிறுத்துதல், 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்ததை அறிந்த சமூகத்துக்கேனும் அடுக்காது.

தவறு ஓர் ஆளிடத்தன்றி அளவுகோலிடத்தே உளது எனலாம். நாட்டுக்கு நாடு உரிமைக்காலம் வேறுபடுதல் அச்சுக்காலத்தில் உறுத்தவில்லை. ஜோர்ஜ் ஓர்வெல் 1950இல் இறந்தார். அவுஸ்திரேலியாவில் அப்போதிருந்த 50 ஆண்டுக் கணக்கின்படி அவரது நூல்கள் 2001இற் பொதுவுடைமையாயின. 70 ஆண்டுக் கணக்கைப் பின்பற்றும் பிரித்தானியாவில் 2021இல் ஆயின. 1949இல் வெளியான 'ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்து நான்கு' அமெரிக்காவில் 2044 இறுதிவரை உரிமைக்கு உட்பட்டதே. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் 70 ஆண்டுக் கணக்கையே கொள்கின்றது. 1979ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 50 ஆக இருந்தது. இருபது ஆண்டுகளைக் கூட்டியதால் இலங்கை எழுத்தாளர் எவர் எத்துணைப் பயனடைந்தார் என்பது தனியே ஆராயத்தக்கது.

ஓர்வெலின் பெயர் மற்றுமொரு நிகழ்ச்சியை நினைவூட்டும். அமெரிக்க உரிமையற்ற ஒருவர் அமேசன் நிறுவனத்தின் தளத்திலே அவரது இரு நூல்களின் மின்வடிவை விற்பனைக்கு விட்டிருந்தார். அது தெரியவந்ததும் 2009 யூலையில் அந்நிறுவனம், விலை கொடுத்து வாங்கியோரின் கிண்டில் கருவிகளிலிருந்தே அந்நூல்களை அவர்தம் சம்மதமின்றி அழித்துவிட்டது. பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. நிறுவனத் தலைவர் பின்னர் மன்னிப்பும் கோரினார். ஆயினும் வாங்கிய நூல் வாங்கியவருடையதன்று என்பது அன்று வெளிப்பட்டது. கான்ற் பிரித்துக் காட்டிய இரண்டனுள் முதலாவதாகிய 'கையிலிருக்கும் பொருள்' மின்னூலிலே மறைந்துவிட்டது. எஞ்சியது அனுமதி மாத்திரமே. சட்டமும் இவ்வேறுபாட்டை உறுதி செய்துள்ளது. ஆசியாவிற் குறைந்த விலைக்கு விற்கப்பட்ட ஜோன் வைலி நிறுவனத்தின் பாடநூல்களைத் தருவித்து அமெரிக்காவில் விற்ற தாய்லாந்து மாணவரொருவர் மீதான வழக்கில், சட்டப்படி அச்சிடப்பட்டு விற்கப்பட்ட படி எந்நாட்டில் அச்சிடப்பட்டிருப்பினும் அதனை வாங்கியவர் மறுபடி விற்கலாம் என 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மின்னூலுக்கு அவ்விதி பொருந்தாது என ஐரோப்பிய நீதிமன்றம் 2019 டிசெம்பரில் வேறொரு வழக்கிற் கூறிற்று. பழைய நூற்கடை என்பது மின்னூல் உலகில் இல்லை. வேலிக்கு வெளியே நிற்பவனுக்குக் கைமாறி வரும் படியும் இல்லை என்பதே இதன் பொருள்.

இனி வாசகரின் ஒழுக்கம் பற்றிய வினா. மறுக்கப்பட்டவர் மூன்று வழிகளுள் ஒன்றை நாடுகின்றார். நூலின்றி அமைகின்றார், அல்லது வீ.பி.என். முதலாய மென்பொருளால் வேறொரு நாட்டிலிருப்பவராகத் தம்மைக் காட்டி விலை கொடுத்து வாங்குகின்றார். அல்லது திருட்டுத் தளமொன்றில் விலையின்றி இறக்கிக் கொள்கின்றார். பின்னைய இரண்டையும் வேறுபாடின்றிக் களவு என்போர் உளர். சட்டம் என்ன கூறினும் அறநோக்கில் அவை ஒன்றல்ல. விலை கொடுப்பவர் ஆசிரியர்க்குரியதை எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கூறுவது தம் இருப்பிடம் பற்றிய ஒரு பொய் மாத்திரமே. அப்பொய்யாற் பாதிக்கப்படுபவர் அந்நாட்டு உரிமையை வாங்கி நூலை வெளியிடவும் செய்யும் பதிப்பாளர். அத்தகையவர் ஒருவர் இல்லாவிடத்துப் பாதிக்கப்படுபவரைத் தேடிக் காணுதல் கடினம். இங்கு வாசகர்க்குத் துணையாகக் கான்ற்றை அழைத்தவர் சற்று இடர்ப்படுவர். கொலைஞனிடமிருந்து நண்பனைக் காத்தற்பொருட்டும் பொய் கூறலாகாது என்று 1797இல் எழுதியவரும் அவரே.

திருட்டுத் தளத்தை நாடுபவரின் நிலை வேறு. விற்கப்படாத நூலை எடுத்ததால் விற்பனை இழப்பில்லை என்பது அவரது சமாதானம். அதில் உண்மை உண்டு. ஆனால் அச்சமாதானம் விற்கப்படும் நூலுக்கும் விரைவிலே நீண்டுவிடுகின்றது என்பதை விரிவுரையாளரும் மாணவரும் தத்தம் அனுபவத்தில் அறிவர். மறுக்கும் வேலியின் தீமைகளுள் இதுவே பெரிது எனத் தோன்றுகின்றது. விலை கொடுக்க முன்வந்தவரை அது விலை கொடாமைக்குப் பழக்கிவிடுகின்றது.

வேலியை அகற்றுதல் இயலாத செயலன்று. பார்வையற்றோர் வாசிக்கத்தக்க வடிவிலுள்ள படிகள் நாடுவிட்டு நாடு செல்ல வழிசெய்யும் மராக்கேஷ் உடன்படிக்கை 2013இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2016இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு பகுதியினரின் தேவை போதிய அளவு வற்புறுத்தப்பட்டபோது எல்லை வழிவிட்டது. மறுபுறம், வாங்குபவரின் நாட்டை நோக்கி விற்பனையை மறுத்தலைத் தடைசெய்து ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் நடைமுறைப்படுத்திய ஒழுங்குவிதி, மின்னூல்களைத் தன் தடையினின்று விலக்கியே வைத்தது. வறிய நாடுகளின் பொருட்டு 1971இற் பேர்ண் சமவாயத்துடன் சேர்க்கப்பட்ட பின்னிணைப்பு, விற்கப்படாத நூலைக் கட்டாய அனுமதியின் கீழ் மறுபதிப்பிட இடமளிப்பினும், அதன் வாசகம் அச்சையும் அச்சொத்த வடிவங்களையும் மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. நடைமுறைகளும் மிகச் சிக்கலானவை. அதனாற் பயனடைந்தோர் மிகச் சிலரே.

சட்டம் மாறுமட்டும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்பதற்கு ஓரிடமுண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்கள் 2008இற் கூடி அமைத்த ஹாத்தி ட்ரஸ்ட் என்னும் மின்னூலகத்தில், அமெரிக்காவிலிருந்து நோக்குவோர்க்கு மாத்திரம் திறக்கும் நூல்கள் என்றொரு வகுப்பு உண்டு. அமெரிக்காவுக்கு வெளியே வெளியாகி, அந்நாட்டுச் சட்டப்படி பொதுவுடைமையான நூல்கள் பல இதில் அடங்கும். ஆசிரியர் இறந்த ஆண்டு தெரியாமையால், பிறநாட்டவர்க்கு அவற்றைத் திறக்க நூலகம் தயங்குகின்றது. 1920களில் யாழ்ப்பாணத்தில் அச்சாகிய தமிழ் நூலொன்று மிச்சிக்கனில் முழுமையாகத் திறக்க, அது அச்சாகிய தெருவில் வாழ்பவர்க்குத் திறவாதிருக்க இதனால் இடமுண்டு. ஆயின் ஆசிரியர் இறந்த ஆண்டு கண்டறியப்படின் அத்தயக்கத்துக்குக் காரணமில்லை. அதனைக் கண்டறிதல் மிச்சிக்கன் நூலகர்க்கு அரிது. யாழ்ப்பாணத்து மாணவர்க்கு அத்துணை அரிதன்று. முப்பத்தொராம் நாளில் வழங்கப்படும் கல்வெட்டு என்னும் நினைவுமலர்கள் இறந்தவரின் பிறப்பு, இறப்பு, சுற்றம், ஆக்கங்கள் யாவற்றையும் திகதியுடன் பதிவு செய்பவை. 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நூலகம் திட்டத்தின் எண்ணிமச் சேகரத்தில் இத்தகைய மலர்கள் பல ஏலவே சேர்க்கப்பட்டுள்ளன. அச்சேகரம் எந்நாட்டினர்க்கும் திறந்தேயிருக்கின்றது. எஞ்சியவை வீடுகளின் அலுமாரிகளிலும் பரண்களிலும் கிடக்கின்றன.